உளிச் சத்தம் நின்ற அமாவாசை

தம்பிகளே, போன மாதம் என் பட்டறையை இப்போது நடத்துகிற நீங்கள் நாலு பேரும் வீட்டுக்கு வந்து, மருமகள் போட்ட காபியைக் குடித்துவிட்டு இரண்டு கேள்வி கேட்டீர்கள். மண்ணிலும் ஓடும், தாரிலும் ஓடும் என்று சொல்லி விற்ற அந்தப் பழைய ஜப்பான் வண்டியில் எதெது கெட்டுப்போகும், எது கெடாது என்பது ஒன்று. நான் ஏன் இப்போதெல்லாம் பட்டறைப் பக்கமே தலைகாட்டுவதில்லை என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு அன்றைக்கே வாய் வலிக்கப் பேசினேன். இரண்டாவதற்கு முட்டி வலி என்று சொல்லித் தட்டிக் கழித்தேன். முட்டி நன்றாகத்தான் இருக்கிறது. யோசித்துப் பார்த்தால் இரண்டு கேள்விக்கும் பதில் ஒரே கதைதான். நேரில் சொன்னால் நடுவில் எவனாவது சிரிப்பான், எனக்குக் கோபம் வரும். அதனால் எழுதுகிறேன். படிக்கப் பொறுமை இல்லாதவன் போய் செயினுக்கு எண்ணெய் போடட்டும்.

அந்த வண்டியை நான் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். மண்ணெண்ணெய் கலந்த பெட்ரோலைக் குடித்துவிட்டு ஓடியிருக்கிறது. பாதிச் சக்கரம் மணலில் புதைந்தாலும் ஏறி வந்திருக்கிறது. நம் ஊர் வண்டிகள் மூச்சு வாங்குகிற இடத்தில் அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். ஆனாலும் எந்த வண்டிக்கும் பிறவிக் கோளாறு என்று சிலது உண்டு. இதில் பின்சீட்டைத் தாங்குகிற சட்டத்தின் போல்ட்டுகள் ஒல்லி, அதிகம் சுமை ஏற்றினால் முறியும். பேட்டரிக்குக் கரண்ட்டை அளந்து அனுப்புகிற ரெகுலேட்டர் நம் வெயிலில் வெந்துபோகும். அப்புறம் அந்த ஸ்டாண்டு சுவிட்ச். என் மானத்தை வாங்கிய சுவிட்ச்.

தொண்ணூறுகளின் தொடக்கம். மாமல்லபுரத்தில் ஐந்து ரதத்துக்குப் போகிற சாலையில் என் பட்டறை. ஒரு வெள்ளைக்காரர் இந்த வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஸ்டார்ட் ஆகிறது, கியர் போட்டால் அணைந்துவிடுகிறது. கிளட்ச் என்றேன், கார்புரேட்டர் என்றேன், பாதி வண்டியைக் கழற்றிச் சாக்கில் பரப்பிவிட்டேன். கடைசியில்தான் தெரிந்தது, சைடு ஸ்டாண்டு இறங்கியிருந்தால் கியரில் இஞ்சின் ஓடக் கூடாது என்று அதில் ஒரு சுவிட்ச் வைத்திருக்கிறார்கள். அதில் கடல் உப்பு ஏறி, ஸ்டாண்டு மேலே இருந்தாலும் கீழே இருப்பதாகவே வண்டி நினைத்துக்கொண்டிருந்தது. அப்போது நம் வண்டி எதிலும் அப்படி ஒரு சுவிட்ச் கிடையாது. ஸ்டாண்டோடு ஓட்டிப்போய் விழுந்து எழுவதுதான் நம் வழக்கம். இல்லாத சாமானில் கோளாறு இருக்கும் என்று எவன் தேடுவான்? அந்த மனிதர் முகம் சுளிக்காமல் பக்கத்திலேயே உட்கார்ந்து இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். பாவம்.

அதெல்லாம் வெளிக்கோளாறு. உண்மையான நோய் உள்ளே. பெரிய ஒற்றை சிலிண்டர் என்பதால் அதிர்வு அதிகம். அதை அடக்க இஞ்சினுக்குள் ஒரு எடை சுற்றும். அந்த எடையைச் சுற்றவைக்க ஒரு சின்னச் சங்கிலி. சங்கிலி தளராமல் இழுத்துப் பிடிக்க விரல் நீளத்துக்கு ஒரு லீவர். அந்த லீவரைத்தான் கம்பெனிக்காரன் சரியாகச் செய்யவில்லை. ஓடி ஓடி ஒருநாள் அது உடையும். உடைந்தாலும் வண்டி ஓடும், அதுதான் ஆபத்து. துண்டு போய்ப் பல்சக்கரத்தில் மாட்டினால் இஞ்சின் அப்படியே இறுகும், பின்சக்கரம் சிக்கும், ஓட்டுகிறவன் கதி அந்த நேரத்து வேகத்தைப் பொறுத்தது. இதற்கு முன்னறிவிப்பு ஒன்றே ஒன்றுதான். நிதான ஓட்டத்தில் 'டிக் டிக்' என்று ஒரு சின்னத் தட்டல் சத்தம் கூடுதலாகக் கேட்கும்.

சத்தம் என்றால் நான் என்று அந்தக் காலத்தில் பெயர். என் அப்பா திருப்போரூர் கோவிலில் தவில் வாசித்தவர். காது எங்கள் குடும்பச் சொத்து. வண்டியைக் கொண்டுவந்து பட்டறை வாசலில் நிறுத்தி முறுக்கிக் காட்டுகிறவனை எனக்குப் பிடிக்காது. "முனைக்குப் போய் ஓட்டிக்கினு வா" என்பேன். நின்று முறுக்குகிற வண்டி பொய் சொல்லும். நம்மைத் தாண்டிப் போகிற வண்டி சொல்லாது. வரும்போது முன்பக்கம் கேட்கும், போகும்போது பின்பக்கம் கேட்கும். செங்கல்பட்டிலிருந்து கூட ஆட்கள் வந்து என் முன்னால் ஒருமுறை ஓட்டிக் காட்டிவிட்டுப் போவார்கள். எனக்கும் அதில் கொஞ்சம் திமிர் உண்டு, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் நான் பட்டறை வைத்திருந்த இடத்தைப் பாருங்கள். இடப்பக்கம் சிற்பக் கூடம், வலப்பக்கம் சிற்பக் கூடம். விடிந்ததும் ஆரம்பித்தால் அந்தி வரை கல்லில் உளி. டிக், டிக், டிக். கல்யாணமாகி வந்த புதிதில் என் மனைவிக்குத் தலைவலியே வந்தது. எனக்கு அது பழகிப்போய், இருப்பதே தெரியாது. சிற்பிகள் அமாவாசையன்று உளியைத் தொடமாட்டார்கள், அது அவர்கள் வழக்கம். அன்றைக்கு மட்டும் தெருவே வேறு தெருவாக இருக்கும், கடல் சத்தம் பட்டறைக்குள் வரும்.

இப்போது ரபீக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். புதுப்பட்டினத்துக்காரன், என் வயதுதான். துபாயில் ஜெனரேட்டர் அறையில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு ஊருக்கு வந்தவன். வரும்போது இந்த வண்டியைக் கப்பலில் போட்டுக் கொண்டுவந்தான். அப்போது நெம்மேலிப் பக்கமெல்லாம் இறால் குஞ்சு பொரிக்கும் ஹேச்சரிகள் இருந்தன. அதில் ஒன்றில் தாய் இறால் வாங்கி வருகிற வேலை அவனுக்கு. படகு கரைக்கு வந்ததும் முட்டையிடத் தயாராக இருக்கிற பெண் இறாலை உயிரோடு பொறுக்கியெடுத்து, கடல்தண்ணீரும் ஆக்ஸிஜனும் நிரப்பிய பிளாஸ்டிக் பையில் போட்டு, நேரம் கடத்தாமல் தொட்டியில் சேர்க்க வேண்டும். கடப்பாக்கம் வரை போவான். அப்போதைய கடற்கரைச் சாலை இன்றைக்கு நீங்கள் ரேஸ் விடுகிற சாலை இல்லை. பாதி தார், பாதி செம்மண், அதிலிருந்து இறங்கிப் படகு வரை வெறும் மணல். அவன் வண்டி ஒன்றுதான் அதில் கடைசி வரை போகும்.

எங்கள் சிநேகம் சைக்கிள் வால்வ் டியூபில் ஆரம்பித்தது. இறாலின் தலையில் கூர்மையாக ஒரு கொம்பு இருக்கும், அது பையைக் குத்திவிடும். கொம்பில் செருகத் துண்டு துண்டாக வால்வ் டியூப் வேண்டும் என்று என்னிடம் வந்தான். எதற்கு என்று கேட்டு நான் விழுந்து விழுந்து சிரித்தேன். இறாலுக்குக் குல்லா போடுகிறவன் என்று பெயர் வைத்தேன். அன்றிலிருந்து நான் மச்சான், அவனும் மச்சான்.

ஒருநாள் காலையில் அவன் மனைவி நூர்ஜஹான் பட்டறைக்கு வந்தாள். பஸ்ஸில் தனியாக வந்திருந்தாள். எனக்கு ஆச்சரியம், அவள் அதற்கு முன் பட்டறைக்கு வந்ததே இல்லை.

"அண்ணே, அவரு வண்டி சத்தம் மாறிப்போச்சு" என்றாள்.

"இன்னா மாரி மாறிச்சும்மா?"

"சொல்லத் தெரிலண்ணே. ஒரு சத்தம் அதிகமாக் கேக்குது. மத்து பான வாயில இடிச்சா கேக்குமே, அப்டி. பள்ளிவாசல் முனைல திரும்பறப்பவே நான் அடுப்புல டீ வச்சுடுவேன். எத்தினி வருசமா கேக்கறேன். எனக்குத் தெரியாதா?"

"பெரிய இஞ்சின்மா. ஒத்த சிலிண்டரு. கொஞ்சம் தட்டத்தான் செய்யும்."

"மொதல்ல தட்டலயே."

"அவன்கிட்ட சொன்னியா?"

"சொன்னேன். அதெல்லாம் ஒண்ணும் இல்லன்றாரு." இதைச் சொல்லும்போது என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள். வீட்டில் ஏதோ சண்டை, அதற்கு வண்டியைச் சாக்காக வைத்து வந்திருக்கிறாள் என்று நான் எடுத்துக்கொண்டேன். போன வாரம்தான் வண்டியைப் பார்த்தேன், நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். அவள் நகரவில்லை. இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தாள்.

"இங்க எப்டிண்ணே உங்களுக்குக் கேக்கும்? ரெண்டு பக்கமும் கொத்திகினு கீறாங்களே."

அது எனக்குச் சுருக்கென்று தைத்தது. என் காதைப் பற்றி எவரும் அப்படிப் பேசியதில்லை. நாளைக்கு அமாவாசை, உளிச் சத்தம் இருக்காது, அவன் இந்தப் பக்கம் வரும்போது கேட்டுவிடுகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். அனுப்பி வைத்தால் போதும் என்றுதான் சொன்னேன்.

மறுநாள் அமாவாசை. ரபீக் நெம்மேலியிலிருந்து பைகளும் தெர்மோகோல் பெட்டியும் கட்டிக்கொண்டு வந்து நின்றான். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"வால்வ் டியூப் குடு மச்சான், சீக்கிரம். கடப்பாக்கத்துல தாய் மாட்டிக்கிச்சு. மானேஜருக்கு போன் வந்துகிது."

அந்தச் சந்தோஷத்தின் காரணம் எனக்குத் தெரியும். வாரக்கணக்காகத் தாய் இறால் கிடைக்கவில்லை. அதற்கு முன் ஒரு தடவை நோய் வந்து குஞ்சு முழுவதும் செத்து, தொட்டிகளைக் கழுவிக் காயப்போட்டிருந்தார்கள். நெம்மேலியிலிருந்து வேலைக்கு வந்த பெண்களைப் பாதிக்குமேல் வீட்டுக்கு அனுப்பியாகிவிட்டது. இந்த அமாவாசைக்கும் தாய் வரவில்லை என்றால் ஹேச்சரியை மூடு என்று முதலாளி சென்னையிலிருந்து சொல்லிவிட்டார். மூடினால் ரபீக்குக்கும் வேலை இல்லை. திரும்பவும் துபாய்க்குத்தான் போக வேண்டும், போகிற வயதும் தாண்டிவிட்டது.

"முனைக்குப் போய் ஓட்டிக்கினு வா" என்றேன்.

"இப்ப இதுக்கெல்லாம் டைம் இல்ல மச்சான்."

"அப்ப வால்வ் டியூப் இல்ல."

திட்டிக்கொண்டே போனான், திரும்பி வந்தான். தெருவில் உளி இல்லை. வண்டி வருவதற்கு முன்னாலேயே எனக்குக் கேட்டுவிட்டது. இஞ்சின் சத்தத்துக்கு அடியில் இன்னொன்று. டிக், டிக், டிக். இத்தனை நாளும் அது கல்லிலிருந்து வருகிறது என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அந்த லீவரைப் பற்றி வெள்ளைக்காரர்கள் சொல்லக் கேட்டிருந்தேன். ஒருவர் உடைந்த துண்டையே பையிலிருந்து எடுத்துக் காட்டியிருந்தார்.

"கேக்குதா?" என்றேன்.

"இன்னாது?"

"தட்டுதே."

இஞ்சினை அணைக்காமலே இறங்கி, இஞ்சின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தான். தலையைச் சாய்த்துக் காதைக் கிட்டே கொண்டுபோனான். "ஒண்ணும் இல்லயே மச்சான். சும்மா பேஜாரு பண்ணாத" என்றான். போகிற அவசரத்தில் பொய் சொல்கிறான் என்று எனக்குக் கோபம் வந்தது. அவனுக்குப் பின்னால் நின்றபடி, "ஏன்டா, உம் பொண்டாட்டிக்குக் கேக்குது, உனக்குக் கேக்கலயா?" என்றேன். பதில் இல்லை. திரும்பவும் சொன்னேன். அவன் இஞ்சினையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் ஒரு டூரிஸ்ட் வேன் ரதத்துப் பக்கமிருந்து வேகமாக வந்தது. ரபீக் பாதி சாலையில் குந்தியிருக்கிறான். டிரைவர் ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டான். டீக்கடையில் நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள், எதிர்த்திண்ணையில் படுத்திருந்த நாய் எழுந்து ஓடியது. ரபீக் மட்டும் அசையவில்லை. சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தேன். வேன் உரசிக்கொண்டு போனது, டிரைவர் ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டுப் போனான்.

"ஏன்டா புடிச்சு இஸ்துகினு கீற?" என்றான் ரபீக். அவன் உண்மையிலேயே கேட்டான். அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை.

நூர்ஜஹான் எதற்காகத் தனியாகப் பஸ் ஏறி வந்தாள், ஏன் தரையைப் பார்த்தாள் என்பது அந்த நொடியில் எனக்குப் புரிந்தது. வண்டியின் சத்தம் மாறியது நிஜம். ஆனால் அவள் சொல்ல வந்தது அது மட்டும் இல்லை. என் புருஷனுக்குக் காது கேட்கவில்லை என்று எந்தப் பெண் ஊர் நடுவில் வந்து சொல்வாள்? வண்டி ஓட்டிச் சாப்பிடுகிறவன் அவன். எதிரில் நின்று பேசினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டு டக்கென்று பதில் சொல்லிவிடுவான். அதனால் எங்கள் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. துபாயிலிருந்து அவன் இரண்டு கொண்டுவந்திருக்கிறான், வண்டியும் செவிடும்.

தம்பிகளே, தொழிலில் தடுமாறுகிற நேரம் ஸ்பேனர் பிடிக்கும்போது வராது. வாயைத் திறக்கும்போதுதான் வரும். எனக்கு இரண்டு விஷயம் தெரிந்துவிட்டது, வண்டிக் கோளாறும் காதுக் கோளாறும். டீக்கடையில் பத்துப் பேர் வேடிக்கை பார்க்கிறார்கள், அதில் ஹேச்சரிக்கு ஐஸ் போடுகிறவனும் ஒருத்தன். இரண்டையும் போட்டு உடைத்தால் ரபீக்கின் வேலை அங்கேயே போகும். ஒன்றுமே சொல்லாமல் வழிவிட்டால் உயிரே போகலாம். வண்டியை மட்டும் சொல்வது என்று முடிவு செய்தேன். சாவியைத் திருகி எடுத்து என் சட்டைப் பையில் போட்டேன்.

"இஞ்சினுக்குள்ள லீவரு ஒடஞ்சுகிது. வண்டி போவாது."

"ஓடிக்கினு கீற வண்டிய போவாதுன்றியே. ஒரே ட்ரிப்பு மச்சான். வந்து உன்னாண்டயே வுட்டுடறேன். பொறுமையா வச்சுப் பிரி."

"போவாது."

"தொட்டி காலியா கீதுடா. தெரியுமில்ல உனக்கு? இன்னிக்குத் தாய் போய் எறங்கலன்னா முடிஞ்சுது." அப்புறம் கோபம் ஏறியது. "நீ இன்னா மெக்கானிக்கா, எம் பொண்டாட்டிக்கு அண்ணனா?"

"ரெண்டும்னு வச்சுக்கோ."

அடிக்க வருகிற மாதிரி ஒரு எட்டு வைத்தான். நான் நகரவில்லை. வால்வ் டியூப் ஒரு கட்டு எடுத்துக்கொண்டு பட்டறைக் கதவை இழுத்துச் சாத்தினேன். என்னிடம் ஒரு நூறு சிசி வண்டி இருந்தது, மணலைப் பார்த்தாலே உட்கார்ந்துவிடும். அதன் பின்னால் தெர்மோகோல் பெட்டியை ட்யூப் ரப்பரால் கட்டினேன். "ஏறு. நான் ஓட்டறேன். தாய் பாத்து எடுக்க உன்ன வுட்டா ஆளு இல்ல. மணல் வந்தா நடப்போம்" என்றேன். ஏறி உட்கார்ந்தான்.

போகும் வழியில் நான் பேசிக்கொண்டே போனேன், பழக்கதோஷம். பின்னாலிருந்து ஒரு 'ம்' கூட வரவில்லை. சதுரங்கப்பட்டினம் தாண்டிய பிறகுதான் யாரிடம் பேசிக்கொண்டிருக்கிறேன் என்று உறைத்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. காற்று என்று சொல்லிக்கொண்டேன்.

கடப்பாக்கத்தில் சாலையோரம் வண்டியை விட்டுவிட்டு மணலில் நடந்தோம். படகுக்காரர்கள் பிளாஸ்டிக் ட்ரம்மில் இறாலை விட்டு வைத்திருந்தார்கள். ரபீக் குனிந்து, தண்ணீருக்குள் கையை விட்டு, ஒவ்வொன்றாகத் தூக்கி வெளிச்சத்தில் முதுகைப் பார்த்தான். முட்டை பிடித்திருந்தால் முதுகில் பச்சையாகத் தெரியும். வேண்டாததைத் திரும்ப விட்டான், வேண்டியதற்குக் குல்லா போட்டான். அவன் கை அவ்வளவு பதமாக இருந்தது. பையைக் கட்டி முடித்ததும் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தான்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"இப்பதான். வேன் வந்தப்ப."

"எந்த வேனு?" என்று கேட்டான். சொன்னேன். மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். அது வரை அவன் தனக்குக் காது கொஞ்சம் மந்தம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

"அவளுக்கு?"

"அவதான் என்னாண்ட வந்தா. வண்டி சத்தம் சரியில்லன்னு சொன்னா. உன்னப் பத்தி ஒரு வார்த்த சொல்லல."

அவன் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தான்.

திரும்பும்போது ஒவ்வொரு பள்ளத்துக்கும் வண்டியை உருட்டுகிற மாதிரி ஓட்டினேன். அவன் ஒரு பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருந்தான். நெம்மேலியில் இறக்கிப் பார்த்தால் ஒன்று மட்டும் அசையவில்லை, மற்றவையெல்லாம் மீசையை ஆட்டிக்கொண்டிருந்தன. வேலைக்காரப் பெண்கள் தொட்டியைச் சுற்றி வந்து நின்றார்கள். ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

மானேஜர் என் வண்டியைப் பார்த்துவிட்டு, "உன் வண்டி எங்கய்யா?" என்று ரபீக்கைக் கேட்டார். நான் முந்திக்கொண்டு, "இஞ்சின் வேல வந்துடுச்சு சார்" என்றேன். அதோடு முடிந்திருக்கும். ரபீக் முடிக்கவில்லை.

"வண்டி மட்டும் இல்ல சார். எனக்குக் காது கேக்கல. எதுக்க நின்னு பேசறது தெரியும். பின்னாடி வர்ற ஹாரன் கேக்காது."

மானேஜர் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். "எறாலப் பாக்க கண்ணு போதும்யா" என்றார். "நீ பொறுக்கற மாதிரி எவன் பொறுக்குவான்? இனிமே நீ ஓட்டாத. ஓட்டறதுக்கு ஆள் போடறேன், நீ பின்னாடி உக்காந்து போ." நல்ல வார்த்தைதான். ஆனால் பின்னால் உட்கார் என்று சொன்னபோது ரபீக்கின் முகம் போன போக்கை நான் பார்த்தேன். அந்த வண்டிதான் அவன் துபாய் வாழ்க்கைக்கு மிச்சம்.

அந்த வாரமே இஞ்சினைத் திறந்தேன். லீவர் இரண்டாக உடைந்து, ஒரு துண்டு பல்சக்கரத்துக்கு ஒட்டி எண்ணெயில் கிடந்தது. ரபீக் அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். "வெல்டு வச்சுடு மச்சான்" என்றான். நம் கடற்கரையில் எதற்கும் அதுதான் மருந்து, படகு நங்கூரம் முதல் குழந்தையின் நடைவண்டி வரை. நான் மாட்டேன் என்றேன். வெல்டு வைத்தது வெளியே இருந்தால் தினம் பார்க்கலாம், உள்ளே வைத்து மூடினால் யார் பார்ப்பது? செங்கல்பட்டில் லேத் வைத்திருந்த சிநேகிதரிடம் கொடுத்து, கனமான இரும்பில் புதிதாகவே செய்து வாங்கினேன். அதன் பிறகு அந்த லீவர் போகவே இல்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ளலாம்.

செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரியில் காட்டி, ஒயர் தொங்குகிற காது மிஷின் வாங்கினான். காற்றில் அது இரைகிறது என்று வண்டியில் போகும்போது போடமாட்டான். நான் அவன் வண்டிக்கு ஸ்கூட்டர் கண்ணாடி இரண்டு, பெரிதாகப் பார்த்து மாட்டினேன். பார்க்க மகா கோரம். வீட்டுக்கும் ஹேச்சரிக்கும் மட்டும், அதைப் பார்த்துப் பார்த்து ஓட்டினான். ரெண்டாயிரத்துக்குப் பிறகு ஹேச்சரியை வேறு காரணத்துக்கு மூடினார்கள். அதற்குள் அவன் பிள்ளைகள் தலையெடுத்துவிட்டார்கள்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. ரபீக் வண்டியை விற்கவில்லை. வெள்ளிக்கிழமை தொழுகை முடித்து வந்து ஒருமுறை ஸ்டார்ட் செய்வான். சமையலறை ஜன்னலைப் பார்ப்பான். நூர்ஜஹான் உள்ளேயிருந்து கையைத் தூக்கினால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம், அணைத்துவிடுவான். நான் பட்டறையை உங்களிடம் விட்ட புதிதில் ஒரு வெள்ளிக்கிழமை அங்கே போயிருந்தேன். அவன் ஸ்டார்ட் செய்து, தெருமுனை வரை போய், என்னைத் தாண்டி ஓட்டிக் காட்டினான். பழைய பழக்கம்.

"எப்டி கீது மச்சான்?"

நான் கண்ணை மூடிக் கேட்டேன். "சூப்பரா கீது" என்றேன்.

ஜன்னலில் கை தெரியவில்லை. நூர்ஜஹான் கரண்டியோடு வாசலுக்கே வந்துவிட்டாள். "அண்ணே, செயின் கவர்ல போய் இடிக்குதே. அந்தத் தெரு வரைக்கும் கேக்குது. உங்களுக்குக் கேக்கல?"

குனிந்து செயினைத் தொட்டேன். தொங்கிக்கொண்டிருந்தது. கவரில் பளபளவென்று தேய்ந்த தடம். நேற்றைக்கு இன்றைக்குத் தேய்ந்தது இல்லை. காதைக் கூர்மையாக்கித் திரும்பவும் ஓட்டச் சொன்னேன். இஞ்சின் கேட்டது, அவ்வளவுதான். அதற்கு அடியில் எனக்கு ஒன்றுமே இல்லை. ஒரு பக்கம் உளி, ஒரு பக்கம் உளி, நடுவில் சைலன்சர் இல்லாத இஞ்சின்கள், ஒரு ஆயுள் முழுவதும். எப்போது போனது என்றுகூட எனக்குத் தெரியாது. பயமாக இருந்தது. அப்பாவின் நினைவு வந்தது.

ரபீக் வண்டியை அணைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தான். முகத்தைப் படிக்க அவனுக்குச் சொல்லித்தர வேண்டுமா? ஒரு விரலால் தன் காதைத் தொட்டுக் காட்டி, "உனக்குமாடா?" என்றான். நான் தலையாட்டினேன். பக்கத்தில் வந்து தோளில் கையைப் போட்டுக்கொண்டான். நாங்கள் இரண்டு பேரும் செயினை இழுத்துக் கட்டி முடிக்கும்வரை நூர்ஜஹான் வாசலிலேயே நின்று, சரியாகிவிட்டது என்று சொன்ன பிறகுதான் டீ போட உள்ளே போனாள்.

இதுதான் காரணம். முட்டி இல்லை. நீங்கள் ஒரு வண்டியை என் முன்னால் ஓட்டி, எப்டிண்ணே என்று கேட்பீர்கள், நான் சூப்பர் என்பேன், அதை நம்பி நீங்கள் சாவியைக் கொடுத்து அனுப்புவீர்கள். அந்தப் பயத்தில்தான் வரவில்லை. இதை எழுதிவிட்ட பிறகு மனசு கொஞ்சம் லேசாக இருக்கிறது. கிரைண்டர் போடும்போது காதை மூடிக்கொள்ளுங்கள், சிரிக்காதீர்கள். வண்டி எப்படி ஓடுகிறது என்று ஓட்டுகிறவனை மட்டும் கேட்காதீர்கள், அது வீடு திரும்புவதற்காகக் காத்திருக்கிறவர்களையும் கேளுங்கள். அடுத்த வாரம் பட்டறைக்கு வருகிறேன். நான் உட்கார்ந்திருந்தால் பின்னாலிருந்து கூப்பிட வேண்டாம். முன்னால் வந்து நின்று பேசுங்கள்.